முந்நூற்று முப்பத்தேழு

நட்டு நாற்பது நாள்.
களாக்கன்று முழங்கால் தாண்டி நிற்கிறது
ஒற்றைக் குச்சியாக,
உச்சியில் மட்டும் நாலு இலை.
"இப்பத்தான் தலை தூக்குது, அதுக்குள்ள வெட்டணுமா?"
என்றாள் கூட வந்த பவுனம்மா.

வெட்டாத களா மேலே ஓடும்.
மேலே ஓடினால் அடி மொட்டையாகும்.
ஆடு நுழையும், நாய் நுழையும்,
குனியத் தெரிந்த எதுவும் நுழையும்.
ஒரு சாண் விட்டு
கணுவுக்கு அரை விரல் மேலே
சாய்வாக ஒரே வெட்டு.
பத்து நாளில் ஒன்று இரண்டாகும்.
மறுபடி வெட்ட, இரண்டு நான்கு.
மூன்று மழை கண்டால்
கோழிக்குஞ்சும் முட்டிப் பார்த்துத் திரும்பிப் போகும்.
நர்சரியில் ஆறு வருசம் கற்றது இது.
கற்றதற்குக் கூலி, நாளைக்கு நானூற்றைம்பது.

நரம்பைக்குத் தெற்கே
ரிசார்ட்டின் கிழக்கு எல்லை.
முந்நூற்று நாற்பது கன்று என்று
எண்ணிக் கொடுத்தவர் சூப்பர்வைசர் ழான்பால்.
எங்கள் வாயில் சாம்பாலு.
கையுறை ஒன்றுதான் இருந்தது, இடது கைக்கு.

வெட்டின இடத்தில் பால் துளிர்த்து
விரலோடு விரல் ஒட்டியது.
முள் இன்னும் பச்சை.
குத்தத் தெரியாத வயசு,
ஆனாலும் கவட்டையாகப் பிரிந்து
பழகிக்கொண்டிருந்தது.

இருநூற்றுப் பதினொன்றாவது கன்றில்
காலடியில் மண் மாறியது.
அதுவரை புதைந்த கால் புதையவில்லை.
மட்டிச் சிப்பி பொடிந்து பொடிந்து
இறுகிப் போன தடம்.
நிமிர்ந்து பார்க்காமலே தெரிந்தது
எங்கே நிற்கிறேன் என்று.

விடியல் நாலரைக்கு
ஃபைபர் போட்டு கரை தொடும்.
அன்னக்கூடையோடு இந்த வழி வந்தால்
பீடி ஒன்று முடியும் தூரம்.
முகத்துவாரத்து ரோட்டைச் சுற்றினால்
ஐஸ் லாரிக்காரன் வஞ்சிரத்தை ஏற்றியிருப்பான்.
மிஞ்சுவது காரப்பொடி,
அதற்கும் நாலு பேர் கை நீட்டியிருப்பார்கள்.
நான் கூடை இறக்கி வருசம் ஆறு.
அஞ்சலாட்சி இறக்கவில்லை,
அவள் கொழுந்தியாள் இறக்கவில்லை,
போன மாதம் புருசனைக் கடலுக்குக் கொடுத்த
அந்தச் சின்னப் பெண்
இப்போதுதான் தூக்கியிருக்கிறாள்.

கத்திரி திறந்தபடியே இருந்தது.

பவுனம்மா வெற்றிலைப் பையில்
எதையோ தேடத் தொடங்கினாள்.
சுண்ணாம்பு டப்பி கையிலேயே இருக்க
வெகுநேரம் தேடினாள்.

இருநூற்றுப் பதினாலில்
மறுபடி குனிந்தேன்.

நோட்டில் முந்நூற்று நாற்பது என்று எழுதி
கையெழுத்து வாங்கிக்கொண்டார் சாம்பாலு.
பெருவிரலில் களாப்பால் இருந்ததால்
தாள் கூடவே வந்தது.

இரண்டு மழைக்காலம் போய்,
தை மாசத்தில் கூப்பிட்டனுப்பினார்கள்.
வேலி இடுப்பளவு, கையை விட முடியாது.
வரிசையில் மூன்று மட்டும் ஆள் உயரம்,
உச்சியில் வெள்ளைப் பூ,
அடியில் வெளிச்சம்.
தாழ்ந்த முள் ஒன்றில் நீல நைலான் இழை.
இலையில் ஒட்டிக் காய்ந்த செதில்
வெயிலில் காசு போல மினுங்க
நகத்தால் சுரண்டிப் போட்டேன்.

"இதென்ன, இந்த மூணு மட்டும் ஒட்டகமாட்டம்?"
"சாதி அப்பிடி சார்."
அவர் என்னைப் பார்த்தார்.
பிறகு செடியைப் பார்த்தார்.
"சரி, தலைய வெட்டி விடு. கெஸ்ட் வராங்க."

அடியோடு வெட்டச் சொல்லியிருந்தால்
அடியிலிருந்து அடர்ந்து வந்திருக்கும்.
அவருக்கு அது தெரியாது.
நானும் சொல்லிக்கொடுக்கும் வேலைக்கு வரவில்லை.

எட்டிப் பிடித்துத் தலையை வெட்டினேன்.
களா, வெட்டின இடத்தில்தான் கிளைக்கும்.
பங்குனிக்குள் மேலே ஒரு கூரை கட்டிவிடும்,
கூடையை இடுப்புக்கு இறக்கிக்கொண்டால்
தலை தட்டாது.

அன்றைக்கும் நானூற்றைம்பதுதான்.
கையுறை கேட்டேன்.
இந்த முறை வலது கைக்கு இருந்தது.